பயந்தவள் நடந்த காணி

நேசமலர் வேலைக்குத் திரும்பிய அன்று லொறிக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். சம்பந்தி வீட்டாருக்குக்கூட இந்த ஊரில் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. காற்றுப் படுகிற ஓரத்து வாங்கில் இருக்கை அவளுக்கு. ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். இன்னொருத்தி பாணுக்குள் சம்பல் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்ததில் பாதியைப் பிய்த்து மடியில் வைத்தாள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாட்டைப் பார்க்க நேசமலருக்கே பாவமாக இருந்தது. பக்கத்தில் இருந்த சுரேகா வாய் சும்மா இருக்கமாட்டாத பிறவி. 'அக்கா, மெலிஞ்சு போனீங்கள்' என்று தொடங்கினாள். முன்னால் இருந்தவள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு, பரந்தன் வரும்வரைக்கும் தெருவைப் பார்த்தபடி வந்தாள்.

விடியமுன் விசுவமடுச் சந்தியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஆனையிறவுக்கு அங்கால் மிதிவெடி அகற்றுகிற இடத்துக்குப் போகும் லொறி அது. கம்பனி வெளிநாட்டுக்காரருடையது. மண்ணில் முழங்கால் போடுகிறவர்கள் எங்கள் சனம், அதிலும் பாதிக்குமேல் பெண்கள். நேசமலர் அங்கே சேர்ந்தபோது அவளுடைய மகள் கஜனி பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

நீண்ட லீவில் நின்ற ஒருத்தியைக் கம்பனி ஏன் ஆள் விட்டுக் கூப்பிட்டது என்பது லொறியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அன்பு பொங்கி வழிந்து அல்ல. இராசேஸ்வரி என்ற மனுசியின் காணி ஒன்று இருக்கிறது. அதில் நேசமலர் ஒருமுறை நடக்கவேண்டும். நடந்தால் பழையபடி வேலை. நடக்காவிட்டால், வருடக் கடைசியில் ஆட்குறைப்பு வருகிறது. முதலில் யாருடைய பெயர் அடிபடும் என்று சாத்திரக்காரனைக் கேட்கத் தேவையில்லை. நடப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிய, போன வருடத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

அந்த வேலையில் ஆளுக்கு ஒரு லேன். ஒரு ஆள் முழங்காலில் இருக்கக்கூடிய அகலந்தான். முன்னால் குறுக்கே ஒரு சிவப்புக் கட்டை கிடக்கும். கட்டைக்கு இங்கால் துப்புரவான நிலம், அங்கால் என்ன கிடக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். பாரமான அங்கியும் முகத்தை மூடுகிற கண்ணாடித் தகடும் போட்டுக்கொண்டு, நீண்ட பிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணை மெல்லக் கிளறவேண்டும். ஒன்றுமில்லையென்று கண்டபிறகு கட்டையைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தவேண்டும். மறுபடியும் கிளறவேண்டும். கொதிக்கிற வெயிலில் நாள் முழுக்க இதுதான்.

நேசமலர் இதில் கெட்டிக்காரி. பல வருடம் ஒரு பிசகும் இல்லை. போன வருடம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்ட காலத்தில்தான் அவளுடைய கட்டையின் வேகம் குறையத் தொடங்கியது. கிளறி, தட்டி, மட்டம் பார்த்து, கட்டையைத் தூக்கக் கை போகிற நேரம் மனம் கேட்கும்: வடிவாப் பார்த்தனியோ? இன்னொருதரம் கிளறுவாள். அதற்குப் பிறகும் மனம் அதையே கேட்கும். மற்றவர்களின் கட்டைகள் முன்னுக்குப் போய்க்கொண்டே இருக்க, அவளுடையது நின்ற இடத்தில் நின்றது.

சுப்பவைசர் யூட்சன் நல்ல பொடியன், முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கதைக்கும்போது, 'நேசமலர் அக்காவைப் பாருங்கோ, அப்பிடிக் கவனமா வேலை செய்யவேணும்' என்று அவன் சொன்னான். அவனைக் குறை சொல்லி என்ன? இந்த வேலையில் ஒருத்திக்குக் கவனம் கூடினால் அது ஒரு வருத்தம், நோய் என்று யார்தான் நினைப்பார்கள்? கைதட்டினார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். உள்ளுக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். விசுவமடுச் சந்தியில் இருந்து அவளுடைய வீட்டுக்குத் தெரு வளைந்து வளைந்து போகும். குறுக்கே புதர் மண்டிய ஒரு பத்தைக் காணி கிடக்கிறது, அதற்குள்ளால் போனால் பாதி நேரம் மிச்சம். மீளக் குடியேறிய புதிதிலேயே துப்புரவாக்கி முடித்த இடம், மாடு மேய்கிறது, சனம் விறகு பொறுக்குகிறது. நேசமலர் மட்டும் அதில் கால் வைக்கமாட்டாள், மகளையும் வைக்க விடமாட்டாள். கஜனியின் கால் தெருவை விட்டு ஒரு அடி இறங்கினால் போதும், 'ரோட்டால வா!' என்று அடித்தொண்டையால் கத்துவாள். அயலில் கோழிகூடச் சிதறி ஓடும். தப்பித் தவறிக் காலை வைத்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதையும் பழக்கி வைத்திருந்தாள். ஓடக்கூடாது. நிற்கவேண்டும். வந்த அடிகளைப் பார்த்து, அதே அடிகளில் கால் வைத்துத் திரும்பவேண்டும். மற்றப் பிள்ளைகள் தேவாரம் பாடமாக்கின வயதில் கஜனி இதைப் பாடமாக்கினாள்.

பிறகு எல்லாரும் காரணம் கேட்டார்கள். ஏதாவது வெடித்ததோ? யாருக்காவது கால் போனதோ? கடைசிச் சண்டைக் காலத்தை நினைத்தாளோ? அப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லவும் வசதி, கேட்கிறவர்களுக்கும் ஆறுதல். ஒன்றுமே நடக்கவில்லை. சண்டைக் காலத்தை இந்த ஊரில் யார் நினைக்காமல் இருக்கிறார்கள்? எல்லாரும் நினைத்துக்கொண்டுதான் சோறு காய்ச்சுகிறார்கள், வயல் விதைக்கிறார்கள். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று ரஜிதன் கோயில் கோயிலாகக் கேட்டான். ரஜிதன் அவளுடைய புருசன், உழவு மெசின் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாத மனுசன்.

காணி கையளிக்கிற நாளில் கம்பனியில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு, கையெழுத்து, கைகுலுக்கல் எல்லாம் முடிந்தபிறகு, அந்தக் காணியைத் துப்புரவாக்கிய ஆட்கள் அங்கியைக் கழற்றிவிட்டு, வெறும் செருப்போடு வரிசையாக நின்று ஒரு வேலியில் இருந்து மறு வேலி வரைக்கும் நடப்பார்கள். சொந்தக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் கால் வைக்கிறோம், இனி நீங்களும் வைக்கலாம் என்று அர்த்தம். சனம் எந்தக் கடதாசியையும்விட அந்த நடையைத்தான் நம்பும்.

இராசேஸ்வரியின் காணியைக் கையளித்த அன்று வரிசை நடக்கத் தொடங்கியது, நேசமலர் நடக்கவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. அந்தக் காணியில் ஒரு துண்டு அவளே கிளறியது. அதில்தான் கூடப் பயம். வரிசை நடுவில் பல்லு விழுந்த இடம்போல ஒரு ஓட்டையோடு அங்கால் போய்ச் சேர்ந்தது. இவள் இங்கால் வேலிக்கரையில் நடுங்குகிற கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேர்வை ஒழுகியது. யூட்சன் ஓடிவந்து, 'அக்காவுக்குத் தலைச்சுற்று' என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். இராசேஸ்வரி சின்னப்பிள்ளையோ, அதை நம்ப? இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, கடைசியில் தமையன் வீட்டுப் பின்விறாந்தையில் மச்சாளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சீவித்தவள். முகத்தை வாசிக்க அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நேசமலரை ஒரு பார்வை பார்த்தாள். தன்னுடைய கடைசி மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அன்றோடு நேசமலர் படுத்தாள். படுத்தாள் என்றால் படுத்தாள்தான். எழும்பிப் பல்லு விளக்கப் பாதி நாள் போகும். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், கை வாய்க்குப் போகாது. ரஜிதன் நூல் கட்டிப் பார்த்தான், விபூதி போட்டுப் பார்த்தான், கடைசியில் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். சனம் அதை விசர்க் கிளினிக் என்றுதான் சொல்லும். அதனால் அயலுக்குச் செங்கமாரி என்று சொல்லிவைத்தான். அதுவும் ஒரு கூத்தாகப் போனது. செங்கமாரி என்று கேட்டதும் அயலட்டைச் சனம் எல்லாம் கீழ்க்காய்நெல்லியைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அரைத்து, மோரில் கலக்கி, குடித்து முடிக்கும்வரை தலைமாட்டில் நிற்பார்கள். 'கண்ணில மஞ்சள் குறைஞ்சிட்டுது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இல்லாத மஞ்சள் எங்கே குறைந்ததோ. அவள் மூச்சுக் காட்டாமல் குடித்தாள்.

இதற்கிடையில் இராசேஸ்வரியின் காணியைக் கம்பனி இன்னொரு குழுவையும் மெசினையும் விட்டு முதலில் இருந்து பார்த்தது. துருப்பிடித்த பால்மாப் பேணியும் ஒரு சட்டி மூடியும் தவிர வேறொன்றும் இல்லை. கிராம அலுவலர் போய்ச் சொன்னபோது, இராசேஸ்வரி சொன்ன பதில் கம்பனி முழுக்கப் பரவியது. 'மெசின் பயப்பிடாது. அந்தத் தங்கச்சிதான் பயந்தவ. அவ நடக்கட்டும், நான் வாறன்.'

அதுதான் யூட்சன் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்த கதை. கதிரை நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணியைக் குடிக்காமலே ஆறவிட்டுவிட்டு, உள்ளதை ஒளிக்காமல் சொன்னான். மேலிடம் கேட்கிறது, ஆட்குறைப்பு வருகிறது, அக்காவின் பெயரைக் காப்பாற்ற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் போனபிறகு ரஜிதன் அவளுக்குப் பக்கத்தில் வந்திருந்தான்.

"இஞ்சேரும், ஒருக்கா நடந்துபோட்டு வாருமன். அதோட எல்லாம் சரியாப் போயிடும்."

அவள் ஓம் என்றாள். யார் எதைக் கேட்டாலும் அப்போதெல்லாம் அவள் ஓம் என்றுதான் சொல்லுவாள், இல்லையென்று சொன்னால் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

திரும்பிப் போனவளுக்கு முதலில் லேன் கொடுக்கவில்லை. கூடாரத்துக்குள் இருந்து கட்டைகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை, சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. தூரத்தில் விசில் கேட்கும். பெண்கள் அங்கியைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்க வருவார்கள், இவளைக் கண்டதும் கதையை மாற்றுவார்கள். பாரமான எதையும் தூக்க விடமாட்டார்கள். தேத்தண்ணிக் கேத்தலைக்கூடக் கையில் இருந்து பறித்துவிடுவார்கள். அவளுக்கு வந்த வருத்தத்துக்கும் கேத்தலுக்கும் என்ன சம்பந்தமோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்பு அவளுக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

பிறகு சோதனை. லீவில் நின்று வருகிறவர்களுக்குப் பயிற்சி நிலத்தில் போலி மிதிவெடிகளைப் புதைத்துவைத்துத் தேடி எடுக்கச் சொல்லுவார்கள். நேசமலர் எல்லாவற்றையும் எடுத்தாள். மற்றவர்களுக்கு முதல் எடுத்து முடித்தாள். கிளறினாள், கட்டையை நகர்த்தினாள், கிளறினாள், நகர்த்தினாள். வடிவாப் பார்த்தனியோ என்று கேட்கிற குரல் கேட்கவே இல்லை. பயிற்றுவித்தவர் முதுகில் தட்டினார். 'பழைய நேசமலர் திரும்பி வந்திட்டா' என்று யூட்சன் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தான்.

பழைய நேசமலராவது, மண்ணாவது. பயம் போனது உண்மைதான். ஆனால் அது குணமாகிப் போனதல்ல. விளக்கை நூர்த்தால் பூச்சி வராது, அவ்வளவுதான். அவள் பயந்தது கையும் காலும் உயிரும் போய்விடுமே என்று. அதெல்லாம் இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஆகிவிட்டபிறகு எதற்குப் பயம்? வாரியை இழுக்கும்போது அந்த நினைப்பு அவளுக்குத் தெளிவாகவே வந்தது. அழுகைகூட வரவில்லை. கிளினிக்கில் டொக்டர் அவளிடம், பயம் குறைந்திருக்கோ என்று கேட்டார். ஓம் என்றாள். நித்திரை வருகுதோ? ஓம். இரண்டும் பொய்யில்லை. வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். மற்றதைச் சொல்ல அவளுக்கு வாயில் சொல் வரவில்லை, எழும்பி வந்துவிட்டாள்.

கண்டுபிடித்தவள் கஜனிதான். ஒரு பின்னேரம் நேசமலர் வேலையால் வந்துகொண்டிருந்தபோது, கஜனி பள்ளிக்கூடச் சட்டையோடு படலைக்கு எதிரே பத்தைக் காணிக்குள் இறங்கி நின்றாள். வேண்டுமென்றே நின்றாள். தாயைப் பார்த்தபடி நின்றாள். நேசமலர் கண்டாள். கண்டுவிட்டு, படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய், குசினியில் கைகழுவினாள். சோறு போட்டுக் கொடுத்தபோது பிள்ளை கோப்பையைத் தொடவில்லை.

"அம்மா, நான் பத்தைக்குள்ள நிண்டனான். கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"அப்ப ஏன் கத்திப் பேசேல்ல?"

நேசமலர் கோப்பையைப் பிள்ளைக்குக் கிட்டத் தள்ளிவைத்தாள். வருடக்கணக்காக அந்தக் கத்தலுக்கு வெட்கப்பட்டு, கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்து, அம்மா கத்தாமல் இருந்தால் போதும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த பிள்ளை அது. இப்போது அந்தக் கத்தல் இல்லையென்று அழுதது. கண்ணீர் சோற்றுக்குள் விழுந்தது. நேசமலர் பிள்ளையின் தலையைத் தடவினாள். தடவவேண்டும் என்று தெரிந்தபடியால் தடவினாள். முன்பென்றால் பிள்ளையோடு சேர்ந்து அவளும் அழுதிருப்பாள். இப்போது கை மட்டும் தடவிக்கொண்டிருந்தது, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் பட்டது.

கையளிக்கிற நாள் வந்தது. உப்பளப் பக்கத்தில் இருந்து சுள்ளென்று காற்று வீசியது. மரம் என்று சொல்ல அந்தக் காணியில் ஒன்றுமில்லை, தலை போன இரண்டு பனையும் ஒரு கிணற்றுக் கட்டும்தான். கிராம அலுவலர் வந்திருந்தார், மேலிடத்தில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பேச்சுகள் நடந்தன. இராசேஸ்வரி பேச்சு ஒன்றையும் கேட்கவில்லை. சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று, பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் நேசமலரின் முகத்தில் கண்ணை நிறுத்தினாள்.

வரிசை நிற்கமுதலே நேசமலர் நடக்கத் தொடங்கிவிட்டாள். யூட்சன் 'அக்கா, பொறுங்கோ' என்றான். அவள் பொறுக்கவில்லை. இறப்பர்ச் செருப்பு மணலில் புதையப் புதைய, குறுக்கும் மறுக்குமாக நடந்தாள். அன்றைக்குக் கால் வைக்க முடியாமல் நின்ற துண்டின் மேலேயே ஏறி நடந்தாள். கிணற்றடிக்குப் போனாள், பனையைச் சுற்றினாள், திரும்பி வந்தாள். கடைக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வருகிறவளுக்குக்கூட அதைவிடக் கூட யோசனை இருக்கும். பெண்கள் வரிசையில் நின்று வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். சுரேகா அழுதாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற சந்தோசத்தில் அழுதாள்.

இராசேஸ்வரி வேலிக்கரையில் அவளை நிறுத்தினாள்.

"பயமில்லையோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா."

இராசேஸ்வரி அவளுடைய முகத்தைத் தேடினாள். வேர்வை இல்லை, கை நடுங்கவில்லை, கண் அலையவில்லை. முகத்தை வாசிக்கத் தெரிந்த அந்த மனுசிகூட அன்றைக்குப் பிழையாக வாசித்தாள். 'அப்ப சரி' என்றாள். சொல்லிவிட்டு மகளின் கையை விட்டாள்.

அந்தச் சின்னப் பெண் ஓடினாள். விறாந்தையிலேயே வளர்ந்த பிள்ளை, ஓட இடம் கிடைத்தால் விடுமோ? பனையடிக்கு ஓடி, கிணற்றடிக்கு ஓடி, ஒற்றைக் காலில் துள்ளி, குந்தியிருந்து மண்ணைக் கையால் கிளறத் தொடங்கினாள். அந்தக் கிளறலைக் கண்டபோதுதான் நேசமலருக்கு எங்கேயோ ஆழத்தில் ஒன்று அசைந்தது. நில் என்று கத்தவேண்டும் போல இருந்தது. காணி துப்புரவு, அது அவளுக்குத் தெரியும், இரண்டுதரம் பார்த்த காணி. ஆனால் இராசேஸ்வரி நம்பியது அந்தக் காணியையோ மெசினையோ அல்ல, இவளுடைய கால்களை. துப்புரவில்லாத காணியென்றாலும் இந்தக் கால்கள் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அந்த மனுசிக்குத் தெரியாது. அதைச் சொல்ல நேசமலர் வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சின்னப் பெண் ஒரு ஊரிச் சிப்பிக் கோதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தாயிடம் காட்டினாள்.

இராசேஸ்வரி நேசமலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உன்னை நம்பித்தான் வாறன்" என்றாள்.

நேசமலர் தலையாட்டினாள். அசைந்தது எதுவோ அது மறுபடியும் அடங்கிவிட்டது. அன்று பின்னேரம் லொறி புறப்படமுதலே யூட்சன் வந்து, நாளைக்கு லேன் தயார், வேலை இனி உறுதி என்று சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளும் நன்றி சொன்னாள்.

திரும்பி வருகிற லொறியில் பெண்கள் பாட்டுப் பாடினார்கள். தருமபுரம் தாண்டும்போது நேசமலர் சுரேகாவின் பக்கம் திரும்பி, யாருக்காவது ஒருதரம் சொல்லிவிடவேண்டும் போலிருந்ததால் சொன்னாள்.

"காணி துப்புரவில்லையெண்டாலும் நான் நடந்திருப்பன், சுரேகா."

சுரேகா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எழும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா என்ன சொன்னா தெரியுமோ என்று லொறிக்கே கேட்கச் சொன்னாள். 'எங்கட அக்காவின்ர துணிவைப் பாருங்கோடி' என்றாள். எல்லாரும் விசிலடித்துக் கைதட்டினார்கள். நேசமலர் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள். வயல்களில் வெள்ளாண்மை கதிர் வரமுன் குடலை தள்ளி நின்றது. வேறு யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தாள். ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை.

சந்தியில் இறங்கியதும் அவள் தெருவால் போகவில்லை. தெரு நீளம், கால் களைத்திருந்தது. பத்தைக் காணிக்குள் இறங்கி, நாயுருவியும் நாகதாளியும் சேலையில் இழுபட, நேரே நடந்தாள். முதல் தடவையாக அந்தக் குறுக்கு வழியால் நடந்தாள். பாதித் தூரம் வந்தபோது எதிரே வீட்டுப் படலையடியில் கஜனி நிற்பது தெரிந்தது. பிள்ளை தாயைக் கண்டது. கண்டதும் அதன் முகம் வெளிறிப் போனது.

"அம்மா! ரோட்டால வாங்கோ!"

அடித்தொண்டையில் இருந்து வந்த கத்தல். அயலில் கோழிகள் சிதறி ஓடின. நேசமலர் அந்த இடத்திலேயே நின்றாள். குரல் பிள்ளையுடையது, கத்தல் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. முன்னுக்குப் போவதா பின்னுக்குப் போவதா என்று தெரியவில்லை, எதற்கும் மனம் வரவில்லை. நின்றபடியே நின்றாள்.

பிள்ளை தெருவால் சுற்றிக்கொண்டு சந்திப் பக்கத்துக்கு ஓடியது, தாய் பத்தைக்குள் இறங்கிய இடத்துக்கு. அங்கே நின்று மூச்சு வாங்கியது. பிறகு குனிந்து பார்த்து, தாயின் செருப்புத் தடம் இருந்த இடத்தில் தன் காலை வைத்தது. அடுத்த தடத்தைத் தேடி, அதில் மற்றக் காலை வைத்தது. புல்லை விலக்கி, தடம் கண்டு, கால் வைத்து, அழுதுகொண்டே, ஒரு தடமும் தவறவிடாமல் வந்தது. சொல்லிக்கொடுத்தவள் நேசமலர்தான். வந்து தாயின் கையைப் பிடித்தது.

"வந்த அடியிலேயே கால் வையுங்கோ அம்மா. நான் முன்னால போறன்."

நேசமலர் மகளின் பின்னால், தான் வந்த அடிகளிலேயே திரும்பி நடந்தாள். மாடு மேய்ந்து, சனம் விறகு பொறுக்குகிற காணி. பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்று சிரித்திருப்பார்கள். பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் நின்று, திரும்பி, தாயின் கால் எங்கே படுகிறதென்று பார்த்தது. அந்தச் சின்னக் கை வேர்த்து, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் நேசமலரின் கையில் இருந்த அதே நடுக்கம். தன்னை விட்டுப் போனது எங்கே போயிருக்கிறதென்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்தக் கையை இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று நினைத்தாள். தெரு வரும்வரைக்கும் நினைத்துக்கொண்டே நடந்தாள்.